கெனில்வொர்த் தாமரைக் குளமும் உப்புத்தாளும்

வெளியில் நின்று பாஸ்டலில் வரைந்த படம் ஒன்று இந்த ஜூலையில் ஒருவழியாகச் சட்டம் போட்டுச் சுவரில் ஏறியது. 9-க்கு 12 அங்குலம். வலது பக்கம் பாதி விரிந்த ஒரு தாமரை, அதன் பின்னால் இலைக் கூட்டம், கீழே கறுத்த தண்ணீர், தண்ணீரில் வானத்தின் இரண்டு கீற்றுகள். அவ்வளவுதான் படம். அதற்கு முன் வரைந்தவை எல்லாம் கட்டிலுக்கு அடியில் ஓர் அட்டைப் பெட்டியில் கிடக்கின்றன. அடுத்த கோடையில் எனக்கே தேவைப்படும் என்பதால் எதை எப்படிச் செய்தேன் என்று எழுதி வைக்கிறேன். குளக்கரையில் பாஸ்டலோடு நிற்கும் எண்ணம் உள்ளவர்களுக்குச் சில டாலரும் சில காலைப்பொழுதும் இதனால் மிச்சமாகலாம்.

முதலில் இடம். வாஷிங்டன் டி.சி.யின் வடகிழக்கு ஓரத்தில், அனகாஸ்டியா ஆற்றை ஒட்டி இருக்கிறது கெனில்வொர்த் நீர்த்தோட்டம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஒரு கையை இழந்த வால்டர் ஷா என்பவர், அரசாங்க எழுத்தர் வேலை பார்த்துக்கொண்டே 1882-இல் தன் சொந்த மாநிலமான மெய்னிலிருந்து அல்லிக் கிழங்குகளைக் கொண்டுவந்து இங்கே நட்டார். அது பெருகி வியாபாரமானது. பிறகு மகள் ஹெலன் ஃபௌலர் எடுத்து நடத்தினார். 1930களில் ஆற்றைத் தூர்வாரும் திட்டத்தில் குளங்கள் மொத்தமும் போய்விடும் என்ற நிலை வந்தபோது, அந்த அம்மாள் விடாமல் போராடினார். கடைசியில் 1938-இல் அரசாங்கமே தோட்டத்தை விலைக்கு வாங்கியது. இப்போது தேசியப் பூங்காத் துறையின் கையில் இருக்கிறது. நுழைவுக் கட்டணம் இல்லை. 1950களின் தொடக்கத்தில், மஞ்சூரியாவில் வறண்டுபோன ஓர் ஏரிப் படுகையில் கிடைத்த பல நூற்றாண்டு பழைய தாமரை விதைகளை இங்கே முளைக்க வைத்திருக்கிறார்கள்.

வரைகிறவனுக்கு முக்கியமான விஷயம் அந்த வரலாறு அல்ல, வரப்புகள். சின்னச் சின்னக் குளங்கள், நடுவில் புல் மண்டிய வரப்புகள். வயல் வரப்பில் நடந்து பழகியவர்களுக்குப் புதிதாக ஒன்றும் இல்லை. பூவுக்கு ஓர் அடி தூரத்தில் போய் நிற்கலாம். ஆனால் நிழல் கிடையாது, மண் ஈரம், ட்ரைபாட் கால் ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்கு இறங்கும். இந்த மூன்றும்தான் பிறகு என் சாமான்களை எல்லாம் தீர்மானித்தன.

பாஸ்டல் என்றால் நம் ஊரில் பலருக்குப் பள்ளிக்கூடத்து ஆயில் பாஸ்டல்தான் நினைவுக்கு வரும். நான் சொல்வது அந்த எண்ணெய்ப் பிசுபிசுப்பு இல்லாத உலர் பாஸ்டல். நிறப்பொடியைக் கொஞ்சம் சுண்ணத்தோடும் மிகக் குறைந்த பசையோடும் பிசைந்து உருட்டிக் காயவைத்த குச்சி. காய்வதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை, தண்ணீர்க் கிண்ணம் வேண்டியதில்லை, எந்த நிமிடத்திலும் நிறுத்தலாம், தொடரலாம். மதியத்துக்குள் வாய் மூடிக்கொள்ளும் பூவை வரைய இதைவிட வசதி வேறு இல்லை. அல்லிக் குளம் என்றதும் எல்லோரும் பிரெஞ்சு ஓவியர் மோனேயின் எண்ணெய் ஓவியங்களைச் சொல்வார்கள். அதே மோனே 1901-இல் லண்டனில், தன் கான்வாஸ்கள் வந்து சேரும்வரை சும்மா இருக்க முடியாமல் பாஸ்டலில்தான் தேம்ஸ் பாலத்தை வரைந்துகொண்டிருந்தார். அவசரத்துக்குக் கைகொடுக்கும் சாமான் இது.

கெட்ட குணங்களும் உண்டு. தூசி பறக்கும். குச்சி உடையும். ஈரக் கை பட்டால் காகிதம் வழுக்கும்.

இனி பெட்டி. கடையில் பாஸ்டலுக்கென்றே விற்கும் பயணப் பெட்டிகள் நன்றாக இருக்கின்றன, விலைதான் நூறுகளில். அதனால் நானே செய்தேன். அடிப்பலகைக்கு 5 மி.மீ. பிளைவுட், சுற்றுச் சட்டத்துக்கு அரை அங்குலத் தடிமன், ஒன்றரை அங்குல உயரப் பைன் ரீப்பர். 14-க்கு 10 அங்குலத்தில் இரண்டு தட்டுகள், நடுவில் இரண்டு பித்தளைக் கீல்கள், முன்னால் ஒரு கொக்கி. உள்ளே இரண்டு பக்கமும் கால் அங்குல ஃபோம். மூடும்போது மேல் ஃபோமும் கீழ் ஃபோமும் குச்சிகளை லேசாக அழுத்த வேண்டும். அந்த அழுத்தம் இருந்தால் பெட்டியைத் தலைகீழாகப் பிடித்தாலும் குச்சி நகராது. எனக்கு முதலில் இடைவெளி அதிகமாகிவிட்டது. வீடு வந்து திறந்தால் எல்லாக் குச்சியும் ஒரு மூலையில், எல்லாம் ஒரே சாம்பல் நிறத்தில். மூடிப் பக்கம் இன்னொரு அடுக்கு ஃபோம் ஒட்டியதும் சரியாகிவிட்டது. சாம்பல் படிந்த குச்சிகளை ஒரு டப்பாவில் பச்சரிசியோடு போட்டுக் குலுக்கினால் பளிச்சென்று ஆகிவிடும். அந்த அரிசியைச் சமைக்க எடுத்துவிடாதபடி டப்பாவின் மேல் எழுதி ஒட்டிவிடுங்கள்.

படம் ஒட்டும் பலகைக்குத் தனி ஸ்டாண்டு வாங்கவில்லை. பழைய சாமான் கடையில் 15 டாலருக்கு ஒரு கேமரா ட்ரைபாட் கிடைத்தது. கொஞ்சம் கனமானதுதான், அது நல்லதாகப் போயிற்று. 12-க்கு 16 அங்குலப் பலகையின் பின்னால், நடுவில், முக்கால் அங்குலத் தடிமனில் 3 அங்குலச் சதுரக் கட்டை ஒன்றை மரப்பசையும் நான்கு திருகாணியும் வைத்து இறுக்கினேன். அந்தக் கட்டையில் துளை போட்டு ஒரு டீ-நட் அடித்தேன். பற்களால் மரத்தைக் கவ்விக்கொண்டு, நடுவில் திருகு ஏற இடம் தரும் இரும்பு நட்டு அது. கேமரா ட்ரைபாடின் திருகு உலகம் முழுக்கப் பெரும்பாலும் கால் அங்குலம், அங்குலத்துக்கு 20 புரி. அதே அளவு டீ-நட் எந்த இரும்புக் கடையிலும் கிடைக்கும். மெல்லிய பிளைவுட்டில் நேராக டீ-நட் அடித்தால் பல் பிடிக்காமல் சுற்றும், அதற்குத்தான் கட்டை.

பெட்டியை எங்கே வைப்பது என்பதில்தான் நாள் போனது. தரையில் வைத்தால் ஒவ்வொரு நிறத்துக்கும் குனிய வேண்டும், மடக்கு ஸ்டூல் ஈர மண்ணில் சாய்ந்தது. கடைசியில் ட்ரைபாடோடு சேர்த்து ஒரு தொங்கு தட்டு செய்தேன். 16-க்கு 11 அங்குலப் பிளைவுட், பின் விளிம்பில் இரண்டு வெட்டுகள். என் பக்கம் இருக்கும் இரண்டு கால்களிலும் அந்த வெட்டுகள் பொருந்தி நிற்கும். முன் மூலைகள் இரண்டிலும் துளையிட்டு, நைலான் கயிற்றால் ட்ரைபாடின் கழுத்தில் கட்டிவிடுவேன். பெட்டி என் பக்கம் தள்ளி இருப்பதால் மொத்தமும் முன்னால் சாயப் பார்க்கும். நடுத் தண்டில் முதுகுப்பையைத் தொங்கவிட்டால் அது அடங்கும். கால்களுக்கு அடியில் வேர்க்கடலை வெண்ணெய் ஜாடியின் மூடிகள் மூன்று. இந்த மூடிகள் இல்லாமல் நான் இப்போது வரப்பில் காலை வைப்பதில்லை.

பலகையை நேராக நிறுத்தாமல், மேல் விளிம்பு என்னை நோக்கி லேசாகச் சாய்ந்திருக்கும்படி வைப்பேன். உதிரும் தூசி படத்தின் மேல் வழியாமல் நேரே கீழே விழும். விழுவது குளத்துக்குள் போகக்கூடாது. நிறப்பொடிகளில் சிலவற்றில் காட்மியம் போன்ற உலோகங்கள் உண்டு, குளத்தில் ஆமையும் மீனும் இருக்கின்றன. பலகையின் அடி விளிம்பில் அலுமினியத் தாளை மடித்து ஒரு வாய்க்கால் போல ஒட்டிவிட்டால் போதும், வீட்டுக்கு வந்து குப்பையில் கொட்டிவிடலாம். வாயால் ஊதுவதைக் கட்டாயம் விட வேண்டும், அந்தத் தூசி மூச்சில் போகும். கைக்கு நைட்ரைல் கையுறை. கையுறைக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது: கொசு மருந்தும் வெயில் கிரீமும். இரண்டும் எண்ணெய்ப் பசை. அந்த விரல் காகிதத்தில் பட்ட இடத்தில் பாஸ்டல் பிடிக்கவே பிடிக்காது. கட்டிலடிப் பெட்டியில் கிடக்கும் ஒரு படத்தின் வானத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை தெளிவாக இருக்கிறது, காவல்துறைக்குப் பயன்படும்.

காகிதத்துக்கு வருகிறேன். ஆரம்பத்தில் கான்சன் மி-தேன்த் தாளில் வரைந்தேன். மலிவு, நிறத் தாளாகக் கிடைக்கும், உள்ளே உட்கார்ந்து வரைய நல்ல தாள். ஜூலைக் காலையில் குளத்துக்கு நடுவே நின்றால் காற்றே ஈரமாக இருக்கும். தாள் அலை அலையாக நெளிந்தது. அதோடு மூன்று அடுக்குக்கு மேல் நிறம் ஏறவில்லை, நான்காவது அடுக்கு சும்மா வழுக்கிக்கொண்டு போனது. தண்ணீரை வரைய எனக்குக் குறைந்தது ஐந்து அடுக்கு வேண்டும். யூஆர்ட் என்ற உப்புத்தாள் வகைக்கு மாறினேன், 400 நம்பர். தச்சர் பயன்படுத்தும் உப்புத்தாள் போலவேதான் சொரசொரப்பு, ஆனால் ஓவியத்துக்கென்று அமிலமில்லாமல் செய்தது. 9-க்கு 12 தாள் ஒன்று எனக்கு 2 முதல் 3 டாலர் ஆகிறது. ஈரம் தாங்குகிறது, அடுக்கு ஏறுகிறது. விரலால் தேய்க்க மட்டும் கூடாது. தேய்த்தால் நிறம் சேறாகும், விரல் தோலும் போகும். இதைவிட நயமான 600 நம்பர் தாளையும் பார்த்தேன். எனக்கு அந்த வழவழப்பில் இலையின் ஓரம் கூர்மையாக நிற்கவில்லை.

குச்சிகளில் ஆளாளுக்கு ஒரு கொள்கை. நான் எடுத்துப்போவது 30-க்குள்தான். கீழ் அடுக்குகளுக்கு ரெம்பிராண்ட் என்ற பிராண்டுக் குச்சிகள், அவை நடுத்தரக் கடினம். மேல் அடுக்குக்கு சென்னலியே அரைக் குச்சிகள். வெண்ணெயாக இழையும், அதே வேகத்தில் தீரும். பூவின் ஓரங்களுக்கு மட்டும் ஃபேபர்-காஸ்டெல்லின் கடினக் குச்சிகள் நான்கைந்து. இவை தவிர டெர்ரி லட்விக் கம்பெனியின் கத்தரிக்காய் நிறக் குச்சி ஒன்று. கறுப்புக்கு மிக நெருங்கிய ஊதா. ஒற்றைக் குச்சி ஏறக்குறைய 7 டாலர். இதற்கு முன் வாங்கிய 40 குச்சிப் பெட்டியில் அந்த இருட்டுக்குப் பக்கத்தில் வருவது ஒன்றுகூட இல்லை. கடைகளில் விற்கும் பெட்டிகளில் வெளிர் நிறங்கள்தான் நிறைய இருக்கும், பார்க்க அழகாக இருப்பதால். குளம் வரைகிறவனுக்கு வேண்டியது இருட்டு. பணம் குறைவாக இருந்தால் பெட்டி வாங்காமல் உதிரியாக ஆறு இருட்டு நிறங்களை வாங்குங்கள் என்பேன்: கருஊதா, கரும்பச்சை, கருநீலம், செம்பழுப்பு, ஆலிவ், அடர் சாம்பல். சுத்தக் கறுப்பு வேண்டாம். தண்ணீரில் கறுப்பைப் போட்டால் அந்த இடம் குழியாகத் தெரியும்.

பச்சையின் கதை தனி. தாமரை இலையைப் பார்த்ததும் கை தானாக நல்ல பச்சைக் குச்சிக்குத்தான் போகும். அப்படியே போட்டுக்கொண்டிருந்தேன், படம் கீரைக்கட்டு விளம்பரமாக வந்துகொண்டிருந்தது. ஒரு சனிக்கிழமை, தன் மகன் வீட்டுக்கு வந்திருந்த ஓர் அம்மா, கும்பகோணம் பக்கம், நான் போனில் தமிழில் பேசுவதைக் கேட்டுவிட்டு வரப்பில் நின்றுவிட்டார்.

“என்ன தம்பி, சாக்பீஸா?”

“அந்த ஜாதிதாம்மா. கலர் கொஞ்சம் ஜாஸ்தி.”

கொஞ்ச நேரம் படத்தையும் குளத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “இலை இவ்ளோ பச்சையா இருக்காதே. எங்க ஊர்ல கறிக்கடையில இதுலதான் மடிச்சுக் குடுப்பாங்க. மேல்பக்கம் சாம்பல் பூத்திருக்கும். இப்பப் பாருங்க, வெயில் படற எடம் வெள்ளையாவுல்ல தெரியுது.”

“பின்னாடி வெயில் அடிக்கிற இலை மட்டும் பச்சையாத் தெரியுதே?”

“அது இலைக்குள்ள பூந்து வர்ற வெளிச்சம்.”

அவர் சொன்னதுதான் சரி. தாமரை இலையின் மேல்பரப்பில் நுண்ணிய மெழுகுப் பூச்சு இருக்கிறது. தண்ணீர் ஒட்டாமல் உருளுவது அதனால்தான். அதே மெழுகுதான் முன்னால் வெயில் படும்போது இலையை வெளிறிய நீலச் சாம்பலாகக் காட்டுகிறது. வெயில் இலைக்குப் பின்னால் இருந்தால் மஞ்சள் கலந்த இளம்பச்சை. நிழலில் கிடக்கும் இலை வானத்தை வாங்கி இன்னும் நீலமாகும். அன்றிலிருந்து நான் பெட்டியில் வைத்திருக்கும் பச்சைகள் நான்குதான். மீதி இடத்தில் சாம்பல் நீலம் மூன்று, வெளிர் ஆலிவ் இரண்டு. வெறும் பச்சைக் குச்சிகளை வீட்டிலேயே விட்டுவிட்டேன்.

வெயில் செய்த வேலை வேறு. காகிதத்தின் மேல் நேர் வெயில் விழுந்தால் எல்லா நிறமும் ஒரு படி வெளுத்துத் தெரியும். அதைச் சரிக்கட்ட கை தானாக இருட்டாகப் போட்டுக்கொண்டே போகும். வீட்டுக்குள் கொண்டுவந்து பார்த்தால் மாலை ஏழு மணிக் குளமாக இருக்கும். குடை பிடித்தேன். கையில் கிடந்தது சிவப்புக் குடை. தாள் முழுவதும் இளஞ்சிவப்பு வெளிச்சம், அதில் பார்த்துப் போட்ட பூ வீட்டில் வெளுத்துப்போயிருந்தது. வெளிப்பக்கம் வெள்ளி, உள்பக்கம் கறுப்பு உள்ள குடைதான் தோதானது. ஆனால் அதை ட்ரைபாடில் கிளிப் போட்டு மாட்டினால் காற்று வரும்போது குடை, பலகை, பெட்டி எல்லாம் சேர்ந்து புறப்படும். தனியாக ஒரு கம்பியை மண்ணில் குத்தி அதில் குடையைக் கட்டுவது பாதுகாப்பு. பொதுத் தோட்டத்தில், நீர்க்குழாய் போகும் கரையில், கம்பி குத்த எனக்கு மனம் வரவில்லை. அதனால் குடையை விட்டுவிட்டு, பலகையின் முகம் சூரியனுக்கு எதிர்ப்புறம் திரும்பியிருக்கும்படி நிற்கும் இடமாகத் தேடினேன். அப்படி நின்றால் பூவுக்குப் பின்னாலிருந்து வெயில் வரும். இதழ்கள் விளக்கு போட்டது மாதிரி ஒளிரும். செலவில்லாத தீர்வு, படத்துக்கும் லாபம். அகலமான தொப்பியும் கறுத்த சட்டையும் போடுங்கள். வெள்ளைச் சட்டை படத்தின் மேல் வெளிச்சத்தைத் திருப்பியடிக்கும்.

தோட்டத்துக் கதவு எட்டு மணிக்குத் திறக்கும். தாமரை அதற்கு முன்பே விரிந்திருக்கும். முதல் நாள் பூவும் இரண்டாம் நாள் பூவும் வெயில் ஏற ஏறக் குவியத் தொடங்கும். மூன்று நாள் ஆன பூவில் இதழ் கொட்டும். அல்லிகளில் குளிர் தாங்கும் வகைகள் காலையில் மெதுவாக விரிந்து பிற்பகலில் மூடும். ஆக, எட்டரைக்கும் பத்தரைக்கும் இடையில் கிடைப்பதுதான் நேரம். நன்றாக விரிந்த பூ கண்ணை இழுக்கும், ஆனால் அது பெரும்பாலும் கடைசி நாள் பூ. வரைந்துகொண்டிருக்கும்போதே ஒரு இதழ் விழும். பாதி விரிந்த பூவை எடுத்தால் இரண்டு மணி நேரம் ஓரளவு நிற்கும், குவிந்தாலும் வடிவம் பிடிபடும்.

இப்போது முக்கியமான பகுதி, தண்ணீர். நீர்த்தோட்டம் என்று பெயர்தானே தவிர ஜூலையில் தண்ணீர் கண்ணில் படுவதே அபூர்வம். தாமரை நெஞ்சளவு உயர்ந்து ஒரு பச்சைச் சுவர் எழுப்பியிருக்கும். அந்தச் சுவரையே வரைந்தால் படத்தில் மூச்சு விட இடம் இருக்காது. தாமரைக் குளமும் அல்லிக் குளமும் சந்திக்கும் வரப்பாகப் பார்த்து நிற்க வேண்டும். அங்கே சுவரின் அடி இருட்டும், அதன் முன்னால் திறந்த நீரும், சில அல்லி இலைகளும் கிடைக்கும்.

பூவிலிருந்து ஆரம்பித்து இலைக்கு வந்து மீதியுள்ள இடத்தில் நீலத்தை நிரப்பினால் குளம் வராது, சுவர்க்கடிகாரப் படம் வரும். தண்ணீரை முதலில் போட வேண்டும், அதுவும் இலைகள் வரப்போகிற இடத்தையும் சேர்த்து. கால் பக்கத்துத் தண்ணீர் நேர்மேலிருந்து பார்ப்பதால் உள்ளே தெரியும். கெனில்வொர்த்தில் அது தேநீர்ப் பழுப்பு. தூரத்துத் தண்ணீர் சாய்வாகப் பார்ப்பதால் வானத்தையும் மரத்தையும் காட்டும். ஆகவே அடியில் பழுப்பும் கருஊதாவும், மேலே போகப்போக வெளிர் சாம்பல் நீலம். பிம்பங்களைச் செங்குத்தாக இழுக்க வேண்டும். வெளிச்சமான பொருளின் பிம்பம் அதைவிட ஒரு படி மங்கல், இருட்டான பொருளின் பிம்பம் ஒரு படி வெளிர். இழுத்து முடித்ததும் இரண்டே இரண்டு படுக்கைக் கோடுகள். அந்த இரண்டு கோட்டில்தான் பரப்பு தட்டையாக விழுகிறது. மூன்றாவது கோடு போட்டால் அலை வந்துவிடும். குளத்தில் அலை கிடையாது.

அல்லி இலைகளுக்கு ஒரு கணக்கு. எல்லாம் வட்ட இலைதான், ஆனால் கிட்டே இருப்பது அகலமான நீள்வட்டமாகவும், தள்ளிப் போகப்போக ஒடுங்கிக் கடைசியில் வெறும் கோடாகவும் தெரியும். நான் ஒரு குச்சியை நீட்டிப் பிடித்து அளக்கிறேன். படத்தில் உள்ள படி முன் வரிசை இலை 2 அங்குல அகலம், முக்கால் அங்குல உயரம். நடு வரிசை 1 அங்குலத்துக்குக் கால். பின் வரிசை ஒரே இழுப்பு.

அடிப்பூச்சு பற்றிச் சொல்ல வேண்டும். தாளின் நிறம் மணல் வெள்ளை. அதன் சொரசொரப்புக் குழிகளை உலர் குச்சியால் மட்டும் மூட நேரம் ஆகும், குச்சியும் தீரும். கருஊதாவையும் செம்பழுப்பையும் லேசாகத் தேய்த்து, மேலே ஐசோப்ரோபைல் ஆல்கஹாலைத் தூரிகையால் தடவினால் நிறம் கரைந்து தாளுக்குள் இறங்கிவிடும். மருந்துக் கடையில் 70 சதவீதமும் 91 சதவீதமும் கிடைக்கும். ஈரக்காற்றில் 70 காய நேரம் எடுத்தது, 91 ஐந்தாறு நிமிடத்தில் காய்ந்தது. தூரிகை மலிவானதாக இருக்கட்டும், உப்புத்தாள் அதன் மயிரைத் தின்றுவிடும்.

படம் அமைந்த அன்று நடந்தது இது. எட்டே காலுக்கு நின்றேன். போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டேன், நிழலின் இடத்தைப் பின்னால் ஒப்பிட. கரித்துண்டால் பூவின் வெளிவடிவத்தையும் இலைக் கூட்டத்தின் விளிம்பையும் குறித்தேன். கோடுகள் பத்துக்குமேல் இல்லை. பூ இருக்கும் இடத்தைத் தவிர மீதி முழுவதும் அடிப்பூச்சு, ஆல்கஹால். அது காயும்வரை பூவையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பது மணிக்குத் தண்ணீரின் இருட்டுகள். ஒன்பதரை வரை அதிலேயே இருந்தேன், இலைக்கு வரவில்லை. பின்னால் நின்ற ஒருவர் ஆங்கிலத்தில், இது எந்தச் சுரங்கம் என்று கேட்டுவிட்டுப் போனார். அதன் பிறகு இலைகளின் சாம்பல் நீலம், பக்கவாட்டில் குச்சியைப் படுக்கவைத்து ஓர் இலைக்கு இரண்டு இழுப்பு. வெயில் ஊடுருவும் மூன்று இலைகளுக்கு மட்டும் மஞ்சள்பச்சை. பத்துக்குத்தான் பூ. இதழின் நுனியில் அடர் ரோஜா, அடிப்பக்கம் வர வர வெளிர் மஞ்சள். வெள்ளைக் குச்சியைத் தொடவில்லை. ரோஜாவின் மேல் வெள்ளையைத் தேய்த்தால் சுண்ணாம்பு பூசின மாதிரி ஆகும். அதிக வெளிச்சத்துக்கு வெளிர் பீச் நிறம். மொத்தம் ஆறேழு அழுத்தமான கீறல்கள், தேய்ப்பு இல்லை. சுற்றிலும் ஏற்கெனவே இருட்டு இருந்ததால் பூ தானாக முன்னால் வந்து நின்றது.

பத்தேகாலுக்கு இடி. டி.சி. கோடை மழைக்கு முன்னறிவிப்பு அவ்வளவுதான். மூடுவதற்குள் நான்கைந்து துளி படத்தில் விழுந்துவிட்டது. துடைக்கவில்லை. துடைத்திருந்தால் படம் போயிருக்கும். பலகையோடு காரில் படுக்கவைத்துக் காயவிட்டேன். துளி விழுந்த இடங்கள் இருண்ட புள்ளிகளாகக் காய்ந்தன. வீட்டில் அதே குச்சிகளால் மேலாகத் தொட்டதும் மூன்று மறைந்தன. ஒன்று தண்ணீர்ப் பகுதியில் இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது, விட்டுவிட்டேன்.

கொண்டுவர ஒரு சின்ன ஏற்பாடு: படத்தின் மேல் கிளாசின் என்ற வழவழப்பான மெல்லிய காகிதம், இரண்டு பக்கமும் ஃபோம் அட்டை, நான்கு ஓரத்திலும் கிளிப். கிளாசின் நகரக் கூடாது. அது ஒரு மி.மீ. நகர்ந்தாலும் பூவின் ஓரம் இழுபடும், ஆகவே அதை மேல் விளிம்பில் டேப் போட்டு ஒட்டிவிடுவேன். நிறம் உதிராமலிருக்கத் தெளிக்கும் ஃபிக்சேட்டிவ் கடைசி அடுக்கில் வேண்டாம். வெளிர் நிறங்கள் எல்லாம் ஒரு படி இறங்கிவிடும். பழைய படம் ஒன்றில் தெளித்துப் பார்த்தேன், பீச் நிறம் பழுப்பாகிவிட்டது.

சட்டம் போடுவதற்குத்தான் அதிகம் செலவானது. கண்ணாடி படத்தைத் தொடக் கூடாது. நடுவில் கால் அங்குல இடைவெளி விட்டு ஸ்பேசர் வைக்க வேண்டும். அக்ரிலிக் போட்டால் நிலைமின்சாரத்தில் பொடியை இழுத்துக்கொள்ளும், அதனால் கண்ணாடிதான். நான் ஆயத்தச் சட்டம் வாங்கி ஸ்பேசரை நானே வெட்டிப் போட்டும் 45 டாலர் ஆகிவிட்டது. மற்றபடி பெட்டி, தட்டு, பலகை மூன்றுக்கும் சேர்த்து 35 டாலருக்குள், ட்ரைபாட் 15, தாள் 10 கொண்ட கட்டு 25 சொச்சம். குச்சிகள்தான் கணக்குக்கு அடங்கவில்லை. அவை மட்டும் சேர்த்து 150-ஐத் தாண்டியிருக்கும், வீட்டில் சொன்ன தொகை வேறு.

அடுத்த முறை தொங்கு தட்டை இரண்டு அங்குலம் கீழே இறக்க வேண்டும், இப்போது முழங்கை இடிக்கிறது. பெட்டியின் கீல்களுக்குப் பதில் கழற்றக்கூடிய கீல் போட்டால் வரையும்போது மூடித் தட்டைக் கழற்றி வைத்துவிடலாம், தொங்கு தட்டில் எடை பாதியாகும். தாமரை விழா நடக்கும் ஜூலை வார இறுதியில் போக மாட்டேன், வரப்பில் ட்ரைபாடுக்கு இடம் கேட்டு நிற்க வேண்டியிருக்கும். ஆகஸ்டு கடைசியில் விக்டோரியா அல்லியின் இலைகள் ஓரம் மடிந்த தாம்பாளங்களாக விரிகின்றன. ஒற்றை இலையே 9-க்கு 12 தாளில் அடங்காது. 12-க்கு 18 பலகை ஒன்று வெட்டி வைத்திருக்கிறேன். டீ-நட்டுக்குத் துளை போட்டாயிற்று, கட்டையின் பசை காய்ந்ததும் அடிக்க வேண்டும்.